ஸ்டோலன் ஜெனரேஷன் படங்கள்: புதுப் படம் வர்றதுக்கு முன்னாடி எதைப் பாக்கலாம், எதை விடலாம்?

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஆஸ்திரேலியாவோட பூர்வ குடிகளான அபோரிஜினல் ஜனங்களோட பிள்ளைங்களுக்கு அடைக்கலம் குடுத்து ஆளாக்கின கதைன்னு ஒரு சரித்திரப் படம் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து எங்க ஃப்ரெண்ட்ஸ் நடுவுல ஒரே பேச்சு, அதுக்கு முன்னாடி என்ன பாத்து வைக்கலாம்னு. ஒருத்தர் 'ஆஸ்திரேலியா' பாருங்க, நிக்கோல் கிட்மன் இருக்காங்கங்கறார். இன்னொருத்தர் 'ரேபிட் புரூஃப் ஃபென்ஸ்' தவிர வேற எதையும் தொடாதீங்கங்கறார். மூணாவது ஆள் டாகுமெண்டரி மட்டும்தான் உண்மை, மத்ததெல்லாம் சினிமான்னு முடிச்சிட்டார். எல்லாத்தையும் பாக்க யாருக்கு நேரம் இருக்கு, வீக்எண்டுல கெடைக்கறதே ரெண்டு மணி நேரம், அதுலயும் பாதி பசங்க யார் ரிமோட் புடிக்கறதுங்கற சண்டையில போயிடும். அதனால இந்தப் படங்களை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்து, எது யாருக்கு, எது முதல்ல, எது வேணவே வேணாம்னு எழுதிடலாம்னு உக்காந்தேன்.

சிட்னியில இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும், பாதி தெரியாது. எந்த விழா நடந்தாலும், தமிழ் ஸ்கூல் ஆண்டு விழாவா இருந்தாக்கூட, இந்த நிலத்தோட பூர்வ குடிகளுக்கு மரியாதைன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கறோம், ஆனா அந்த ஜனங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா முக்காவாசிப் பேர் முழிப்போம். சுருக்கமா சொல்லிடறேன். அரசாங்கமே பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிச்சுக் கொண்டுபோன அபோரிஜினல் பிள்ளைங்களைத்தான் ஸ்டோலன் ஜெனரேஷன், அதாவது திருடப்பட்ட தலைமுறைங்கறாங்க. 1905-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு சட்டம் வந்துச்சு, 16 வயசுக்குக் கீழ இருக்கற எல்லா அபோரிஜினல் பிள்ளைக்கும் சீஃப் புரொடெக்டர்னு ஒரு அரசாங்க அதிகாரிதான் கார்டியன், பெத்த அம்மா உயிரோட பக்கத்துலயே நின்னாலும் சரி. நியூ சவுத் வேல்ஸ்ல 1915-ல சட்டத்தை மாத்தி, கோர்ட்டுக்குப் போகாமயே புள்ளையைத் தூக்கிட்டுப் போகலாம்னு ஆக்கிட்டாங்க. 1997-ல வந்த 'பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை, 1910-லேர்ந்து 1970 வரைக்கும் பத்துல ஒரு புள்ளையிலேர்ந்து மூணுல ஒரு புள்ளை வரைக்கும் இப்படிப் பிரிச்சிருக்கலாம்னு சொல்லுது. அப்பா வெள்ளைக்காரர், அம்மா அபோரிஜினல்னு கலப்பா பொறந்த பிள்ளைங்க மேலதான் அவங்களுக்குக் கண்ணு அதிகம், நிறம் வெளுக்க வெளுக்க இனமே கரைஞ்சிடும்ங்கற கணக்கு. அப்போ பிரதமரா இருந்த கெவின் ரட் இதுக்காகப் பார்லிமெண்ட்ல மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13.

நடிப்பு, கேமரா எல்லாம் அப்புறம். இந்த மாதிரிப் படத்துக்கு நான் முதல்ல பாக்கற விஷயம் ஒண்ணுதான், இந்தப் படத்துல அம்மா எங்க? புள்ளையை எடுத்துட்டு வந்தவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு ரெண்டு மணி நேரம் காட்டலாம், காட்டுவாங்க, ஆனா புள்ளை போன வீட்டுல என்ன நடந்துச்சுன்னு காட்டாத படத்துல பாதிக் கதைதான் இருக்கும். உதவி செஞ்ச தம்பதி கதைன்னா இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி, ஏன்னா திரையில ஒரு புது அம்மா வந்ததுமே பழைய அம்மாவை நாம மறந்துடுவோம்.

ரேபிட் புரூஃப் ஃபென்ஸ்

2002-ல ஃபிலிப் நாய்ஸ் எடுத்தது, ஒன்றரை மணி நேரம்தான். 1931-ல ஜிகலாங்ங்கற ஊர்லேர்ந்து மோலி, டெய்சி, கிரேசின்னு மூணு பொண்ணுங்களைப் புடிச்சு பெர்த்துக்கு வடக்க இருக்கற மூர் ரிவர் செட்டில்மெண்ட்ங்கற அரசாங்க முகாம்ல அடைச்சிடறாங்க. மோலிக்கு 14 வயசு, மத்த ரெண்டும் அதைவிடச் சின்னது. அங்கேர்ந்து தப்பிச்சு, முயல் வராம தடுக்க 1900-களோட ஆரம்பத்துல மேற்கு ஆஸ்திரேலியாவோட குறுக்க போட்ட வேலியைப் புடிச்சுக்கிட்டே 1,600 கிலோமீட்டருக்கு மேல நடந்து வீட்டுக்கு வர்றாங்க, சுமார் ஒன்பது வாரம். கிரேசி மட்டும் வழியிலயே திரும்ப மாட்டிக்கறா.

புள்ளைங்களைத் தூக்கற சீனை எத்தனை தடவை பாத்தாலும் எனக்குத் தொண்டை அடைச்சிடும். போலீஸ்காரர் கார்ல வர்றார், பொம்பளைங்க புள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஓடறாங்க, கார் மறிக்குது, ஒவ்வொண்ணா புடுங்கி பின் சீட்ல போட்டு கதவைச் சாத்தறார். கண்ணாடிக்கு உள்ள புள்ளைங்க கை, வெளிய அம்மா கை. கார் போனதுக்கப்புறம் கேமரா கார் பின்னாடியே போயிருந்தா அது வேற படம். இங்க கேமரா ஊர்லயும் நிக்குது. பாட்டி தரையில உக்காந்து கல்லை எடுத்துத் தன் தலையிலயே அடிச்சுக்கறாங்க. ஊருக்கே சாவு விழுந்த மாதிரி. அந்தக் கிழவிக்குப் பக்கம் பக்கமா வசனம் எதுவும் கிடையாது, தேவையும் படல.

இன்னொண்ணு, வில்லன். சீஃப் புரொடெக்டர் ஏ. ஓ. நெவில்லா கென்னத் பிரானா நடிச்சிருக்கார், கத்த மாட்டார், அடிக்க மாட்டார். லேடீஸ் கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டு, மூணு தலைமுறையில எப்படிக் கறுப்பு காணாம போகும்னு வாத்தியார் மாதிரி பொறுமையா விளக்குவார். அவர் மனசார தான் உதவி பண்றோம்னுதான் நம்பறார், அதுதான் பயம். புதுசா வரப்போற படத்துல 'உதவி'ங்கற சொல் வர்றப்பெல்லாம் இந்த ஆள் மூஞ்சி ஞாபகம் வந்தா நீங்க சரியாத்தான் பாத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

நிஜக் கதை படத்தைவிட மோசம். இதுக்கு மூலமான புத்தகத்தை எழுதின டோரிஸ் பில்கிங்டன் மோலியோட பொண்ணு. அவங்களையும் சின்னப் புள்ளையா இருக்கும்போதே அதே மூர் ரிவர்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க. 1941-ல மோலி திரும்ப ஒரு தடவை அங்கேர்ந்து கைக்குழந்தை அன்னபெல்லைத் தூக்கிக்கிட்டு அதே வழியில நடந்தே ஊர் வந்து சேந்தாங்க, டோரிஸ் அங்கயே நின்னுட்டாங்க, அம்மாவைத் திரும்பப் பாக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னபெல்லையும் அப்புறம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இதுல ஒரு பங்கை மட்டும் கடைசியில எழுத்துல போட்டு, வயசான நிஜ மோலியையும் டெய்சியையும் நடக்க விட்டுக் காட்டுவாங்க. கிரெடிட்ஸ் வருதுன்னு டிவியை ஆஃப் பண்ணிடாதீங்க.

குறைன்னு சொல்லணும்னா, மூர் ரிவர் உள்ள நடந்த கொடுமையை லேசாத் தொட்டுட்டு ஓட ஆரம்பிச்சிடுது. படம் வந்தப்போ இதெல்லாம் மிகைன்னு சண்டைக்கு வந்தவங்களும் உண்டு. ஆனா அம்மா எங்கங்கற கேள்விக்கு இவ்வளவு நேரா பதில் சொல்ற கதைப்படம் நான் வேற பாக்கல.

ஆஸ்திரேலியா

இதுவும் கிட்டத்தட்ட ஒரு ஜோடி, ஒரு அபோரிஜினல் பையன் கதைதான், அதனாலதான் எல்லாரும் இதை முதல்ல சொல்றாங்க. பாஸ் லுர்மன், 2008. இங்கிலாந்துலேர்ந்து வந்த சீமாட்டி நிக்கோல் கிட்மன், மாடு ஓட்டறவர் ஹியூ ஜாக்மன், நடுவுல நல்லாங்கற பையன். பிராண்டன் வால்டர்ஸ்னு அந்தப் பையன் பிரமாதம், அவன் கண்ணுக்காகவே ஒரு தடவை பாக்கலாம். 1942 பிப்ரவரி 19 டார்வின்ல ஜப்பான் குண்டு போட்டது, மாட்டு மந்தை பள்ளத்தாக்கு விளிம்புல நிக்கறதுன்னு பெரிய ஸ்கிரீனுக்கான அயிட்டம் நிறைய.

அம்மா எங்க? இருக்காங்க, டெய்சின்னு பேர், போலீஸுக்குப் பயந்து புள்ளையோட தண்ணி டேங்க்ல ஒளிஞ்சு, அங்கயே மூழ்கி செத்துடறாங்க. படம் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆகல, அதுக்குள்ள எடம் காலி, சீமாட்டி அந்த எடத்துல வந்து உக்காந்துடறாங்க. நல்ல மனசோட எடுத்த படம்தான், நான் இல்லைங்கல, கடைசியில மன்னிப்பு பத்தி எழுத்து கூட வருது. ஆனா 165 நிமிஷம் பாத்துட்டு எந்திரிக்கும்போது மனசுல நிக்கறது கிஸ்ஸும் மழையும்தான். தீவுல ஜப்பான் சிப்பாய்கள் வந்து எறங்கற மாதிரி காட்டறதெல்லாம் கப்சா, அதையும் சரித்திரம்னு நம்பிடாதீங்க. 2023-ல இதையே 'ஃபாரவே டவுன்ஸ்'னு ஆறு எபிசோடா நீட்டி விட்டிருக்காங்க, இத்தனையும் பாக்க நேரம் இருந்தா வேற நல்ல படம் மூணு பாத்துடலாம்.

ஜெட்டா

இது 1955. ஆஸ்திரேலியாவோட முதல் கலர் கதைப்படம், எடுத்தது சார்ல்ஸ் சோவெல், கதை எழுதினதுல மனைவி எல்சாவுக்கும் பங்கு, அதாவது ஒரு தம்பதியே எடுத்த படம். ஒரு பண்ணைக்காரம்மாவோட கொழந்தை செத்துப் போகுது, அதே சமயம் ஒரு அபோரிஜினல் பொண்ணு பிரசவத்துல செத்துப் போறா, அந்தப் புள்ளையை இந்தம்மா வளக்கறாங்க, ஜெட்டான்னு பேர் வச்சு, உன் ஜனங்ககிட்டப் போகாதேன்னு சொல்லிச் சொல்லி. அப்புறம் மார்பக்னு ஒருத்தன் வர்றான், கதை அழிவுல முடியுது. அம்மாவைப் படம் தொடங்கறதுக்குள்ள சாகடிச்சுட்டாங்க பாத்தீங்களா, இந்த ஃபார்முலாவுக்கு எழுவது வயசாகுது.

இன்னிக்குப் பாத்தா நிறைய எடத்துல நெளிவோம். கலப்பு இனத்து ஜோ கேரக்டர்ல ஒரு வெள்ளைக்காரருக்கு மேக்கப் போட்டு நடிக்க வச்சிருக்காங்க. ஆனா ரெண்டு லீட் ரோலையும் அபோரிஜினல் ஆளுங்களுக்கே குடுத்தது அந்தக் காலத்துல பெரிய விஷயம், அதே டார்வின்ல முதல் ஷோ போட்டப்போ இனம் பிரிச்சு உக்கார வச்ச தியேட்டர்ல அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் வெள்ளைக்காரங்க பக்கத்துல சீட்டுன்னு சொல்வாங்க. ஹீரோயினா நடிச்ச ரோசலி குனோத் அப்போ ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல ஒரு சர்ச் ஹாஸ்டல்ல இருந்த பொண்ணு, அவங்களோட நிஜப் பேரைக் கூட மாத்தித்தான் போஸ்டர்ல போட்டாங்க, பின்னாடி கன்னியாஸ்திரியா பல வருஷம் இருந்து, அப்புறம் அபோரிஜினல் உரிமைக்காகப் பேசற பெரிய குரலா ஆனாங்க. அவங்க வாழ்க்கைக்கு முன்னாடி இந்தப் படம் ஒண்ணுமே இல்ல. சினிமா ஹிஸ்டரி பைத்தியம் இருந்தா பாருங்க, மத்தவங்க தாண்டிடலாம்.

தி நியூ பாய்

2023, வார்விக் தார்ன்டன். இவரே அபோரிஜினல், பையனா இருக்கும்போது மேற்கு ஆஸ்திரேலியாவுல நியூ நோர்சியான்னு பாதிரியார்கள் நடத்தின போர்டிங் ஸ்கூல்ல இருந்தவர், அதனால வெளிய நின்னு பாத்து எடுத்த படம் கிடையாது. 1940-கள், பாலைவனத்து ஓரத்துல ஒரு மடம், பெரிய பாதிரியார் செத்துப்போனதை மறைச்சுட்டு கேட் பிளான்செட் நடிச்ச சிஸ்டர் ஐலீன் அனாதைப் பசங்களைப் பாத்துக்கறாங்க. ஒரு ராத்திரி ஒரு பையனைக் கொண்டுவந்து எறக்கறாங்க. பேச மாட்டான், கட்டிலுக்கு அடியில படுப்பான், விரல்லேர்ந்து வெளிச்சம் வரவைப்பான்.

சிஸ்டர் கொடுமைக்காரி இல்ல. அடிக்கறதில்ல, பட்டினி போடறதில்ல, பாசமாத்தான் இருக்காங்க. ஆனா அந்தப் பாசத்துக்கு ஒரு வெலை இருக்கு, ஞானஸ்நானம் குடுத்து பேர் வச்சதும் அந்த வெளிச்சம் என்னாகுதுன்னு பாருங்க. 'உதவி செஞ்ச நல்லவங்க' படம் பாக்கப் போறவங்களுக்கு இதைவிட நல்ல முன்தயாரிப்பு கிடைக்காது. மெதுவா போகும், வசனம் கம்மி, எங்க வீட்டுல பாதியில ஒருத்தர் தூங்கிட்டார், பேர் வேணாம். அம்மா எங்கன்னு கேட்டா, இந்தப் படத்துல அம்மாவே இல்ல, பேச்சு கூட வராது. வேற படமா இருந்தா கோவம் வந்திருக்கும், இங்க அந்தக் காலி எடத்தை நாம பாத்துக்கிட்டே இருக்கோம், அந்தப் பையன் ஏன் பேசலங்கறதுக்கு அதுவும் ஒரு பதிலா தெரியுது. ஒரு சின்ன விஷயம், இங்க மடத்துல இன்னொரு சிஸ்டரா வர்ற டெபோரா மெய்ல்மன்தான் 'ரேபிட் புரூஃப் ஃபென்ஸ்'ல தப்பிச்சு வர்ற பொண்ணுங்களை ராத்திரி தன் படுக்கையில ஒளிச்சு வைக்கற வேலைக்காரப் பொண்ணு.

லவுசி லிட்டில் சிக்ஸ்பென்ஸ்

டாகுமெண்டரி, 1983, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். நியூ சவுத் வேல்ஸ்ல எடுத்துட்டுப் போன பொண்ணுங்களை கூட்டமுண்ட்ரா ஹோம்ல வீட்டு வேலை கத்துக்குடுத்து வெள்ளைக்காரங்க வீட்டுக்கு அனுப்பினாங்க. கைச்செலவுக்கு வாரம் ஆறு பென்ஸ், மிச்சச் சம்பளத்தை அபோரிஜினல் ஜனங்களைக் கட்டுப்படுத்தின அரசாங்க போர்டு டிரஸ்ட்ல போடும், அந்தப் பணத்தை நிறைய பேர் கண்ணாலயே பாக்கல. கெழவிகளாயிட்ட அந்தப் பொண்ணுங்களே கேமரா முன்னாடி உக்காந்து பேசறாங்க. மார்கரெட் டக்கர் அதுல ஒருத்தர். 1917-ல ஸ்கூலுக்கே போலீஸ் கார் வந்து அவங்களை ஏத்திட்டுப் போச்சு. அம்மா ஓடி வந்து கெஞ்சினாங்க, நடக்கல. அப்புறம் சொந்தக்காரங்க ரோட்டுப்பக்கம் ஏதோ மிருகம் வலியில முனகுதுன்னு போய்ப் பாத்தா, மரத்தடியில கெடந்தது அந்த அம்மான்னு மார்கரெட் தன் வாழ்க்கைக் கதையில எழுதியிருக்காங்க. 1938-ல சிட்னியில நடந்த துக்க நாள் போராட்டம், அடுத்த வருஷம் கம்மரகுஞ்சாங்கற அபோரிஜினல் குடியிருப்பு ஜனங்க மொத்தமா வெளிநடப்பு செஞ்சதுன்னு எதிர்த்து நின்ன கதையும் வருது. பழைய பிரிண்ட், பிசிறு தட்டும், பரவால்ல.

இப்போ தம்பதி விஷயத்துக்கு வருவோம், உதவி செஞ்ச வெள்ளைக்காரங்கன்னாலே பொய்னு நான் சொல்ல வரல. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல ஆங்கிலிக்கன் பாதிரியாரா இருந்த பெர்சி ஸ்மித்தும் மனைவி இசபெலும் 1940-களின் நடுவுல பசங்க சிலரைப் படிக்க வைக்கறதுக்காக அடிலெய்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, அப்புறம் செமஃபோர்ல செயின்ட் ஃபிரான்சிஸ் ஹவுஸ்னு ஒரு வீடு. அங்க வளந்தவங்க லிஸ்ட் அசர வைக்கும். 1965-ல இனப் பாகுபாட்டை எதிர்த்து ஊர் ஊரா போன ஃப்ரீடம் ரைடு பஸ்ஸை நடத்தின சார்ல்ஸ் பெர்கின்ஸ், ஆஸ்திரேலியா சாக்கர் டீமுக்குத் தேர்வான முதல் அபோரிஜினல் ஜான் மொரியார்ட்டி, வரலாற்று ஆய்வாளர் கார்டன் பிரிஸ்கோ. அங்க இருந்த பசங்க பலபேர் வயசானதுக்கப்புறமும் ஸ்மித் பத்திப் பாசமாத்தான் பேசினாங்க.

ஆனா அதே வீட்டுக்குள்ள ரெண்டு விதமான அம்மா இருக்காங்க பாருங்க. பெர்கின்ஸோட அம்மா ஹெட்டி, புள்ளை படிக்கட்டும்னு தானே சம்மதிச்சு அனுப்பினவங்க, அதுக்கே அவங்களுக்கு முன்னாடி வேற என்ன வழி இருந்துச்சுன்னு கேக்கணும், அவங்க இருந்த எடத்துல அபோரிஜினல் புள்ளைக்கு நல்ல ஸ்கூல் கெடையாது. மொரியார்ட்டி கதை வேற, நாலு வயசுல அம்மாவுக்குத் தெரியாம வடக்குலேர்ந்து எடுத்து, முதல்ல சிட்னி பக்கம் மல்கோவா, அப்புறம்தான் அடிலெய்டு. பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தெருவுல ஒரு பொம்பளை வந்து நீ யாருன்னு விசாரிக்க, அது அவரோட அம்மா. தம்பதி எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் இந்த ரெண்டு அம்மாவையும் காட்டாம அந்த வீட்டுக் கதையை யாரும் முழுசா சொல்லிட முடியாது. வரப்போற படம் எந்தத் தம்பதியைப் பத்தினதா இருந்தாலும் நான் இதைத்தான் தேடுவேன்.

சரி, முடிவுக்கு வர்றேன். ஒரே ஒரு படம் பாக்கத்தான் நேரம்னா 'ரேபிட் புரூஃப் ஃபென்ஸ்', இதுல ரெண்டாவது யோசனையே வேணாம். ரெண்டு பாக்கலாம்னா கூட 'தி நியூ பாய்' சேத்துக்கோங்க, ஆனா இதே வரிசையில, மாத்திப் பாத்தா நியூ பாய் பாதி புரியாது. கதைப்படம் பாத்தா நம்பிக்கை வராது, ஆதாரம் வேணும்ங்கறவங்க சிக்ஸ்பென்ஸ்லேர்ந்து ஆரம்பிங்க. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, சப்டைட்டில் படிக்கக் கஷ்டம், கலர்ஃபுல்லா ஏதாவது போடுன்னா 'ஆஸ்திரேலியா' போடுங்க, தப்பில்ல, அதை மட்டும் பாத்துட்டு விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு நெனக்கறதுதான் பிரச்சனை.

பசங்களோட பாக்கறவங்களுக்கு: 'ரேபிட் புரூஃப் ஃபென்ஸ்' இங்க ஸ்கூல்லயே போடற படம்தான், பிஜி ரேட்டிங், ஆனா அந்தக் கார் சீன் சின்னப் புள்ளைங்களுக்கு ராத்திரி கனவுல வரும், போலீஸ் என்னையும் புடிச்சுட்டுப் போகுமான்னு கேப்பாங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க, தனியா போட்டு விட்டுட்டு கிச்சனுக்குப் போயிடாதீங்க. 'தி நியூ பாய்' பெரிய பசங்களுக்கு மட்டும். படம் ஆரம்பிக்கும்போது, இறந்துபோனவங்க உருவமும் குரலும் இதுல இருக்கலாம்னு ஒரு அறிவிப்பு வந்துச்சுன்னா அதை ஸ்கிப் பண்ணாம ஏன்னு பசங்களுக்குச் சொல்லுங்க. பல அபோரிஜினல் சமூகங்கள்ல செத்தவங்க பேரைச் சொல்றதையும் படத்தைக் காட்டறதையும் கொஞ்ச காலத்துக்குத் தவிர்ப்பாங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி, இதைப் புதுப் படத்துக்கு முன்னாடி பாக்க வேணாம், பாத்து முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம் பாருங்க. 'இன் மை பிளட் இட் ரன்ஸ்', 2019, மாயா நியூவெல் எடுத்த டாகுமெண்டரி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல டுஜுவான்னு பத்து வயசுப் பையன், மூணு மொழி பேசுவான், ஊர்ல வைத்தியம் பாக்கற கை உள்ளவன்னு அவனுக்குப் பேரு, ஸ்கூல்ல எல்லாத்துலயும் ஃபெயில். வெல்ஃபேர் ஆபீஸ் ஒரு பக்கம், சிறுவர் ஜெயில் ஒரு பக்கம்னு துரத்துது, அம்மாவும் பாட்டியும் புள்ளையை விட்டுடக் கூடாதுன்னு படற பாடுதான் படம் முழுக்க. கடைசியில அவனை அப்பாகிட்ட பொரலூலாவுக்கு அனுப்பறாங்க, மொரியார்ட்டி பொறந்த அதே ஊருக்கு. படம் வந்த வருஷமே 12 வயசுல ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில்ல போய்ப் பேசிட்டும் வந்துட்டான் அந்தப் பையன்.